சேலைப் பெட்டி மூடி

இப்படி உக்காரும்மா, எடம் இருக்கு. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். ஒடையிற சாமான் ஒண்ணுமில்ல, ஒரு அட்டைதான். மடங்கிறக் கூடாது, அவ்வளவுதான். எங்க எறங்கணும்? நல்லாம்பாறையா? நானும் அங்கதான். நான் தபாலாபீஸ் ஸ்டாப்பு. நீங்க யாரு வீட்டுக்கு?

சினிமா விழாவுக்கா! சரியாப் போச்சு. அப்ப மண்டபத்து ஸ்டாப்புல எறங்குங்க, எனக்கு முந்தின ஸ்டாப்பு.

என்னது, நடுவரா? உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே. எனக்கு நடுவர்னா கழுத்துல விசில் தொங்கணும். முப்பத்தோரு வருஷம் நானே நடுவர்தான், கபடிக்கும் கோ-கோவுக்கும். பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். பேரு உலகம்மாள். ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா முழிப்பாங்க. மூடி டீச்சர்னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவாங்க.

எல்லாப் படத்தையும் முன்கூட்டியே அனுப்பிட்டாங்களா? அந்த லேப்டாப்புலயா வச்சிருக்கீங்க? எல்லாத்தையுமா? ம். சரி சரி.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். எனக்கும் விழாக் கமிட்டிக்கும் இப்ப பேச்சுவார்த்தை கெடையாது. நாலு நாளா தென்காசியில தங்கச்சி வீட்டுல இருந்துட்டு இப்பத்தான் திரும்புதேன். விழாவுக்காக வரல. எங்க வீட்டுக்காரரு பாலைக் காய்ச்சுனா பொங்கவிட்டு அடுப்பை நாசம் பண்ணிருவாரு, அதுக்காக வாரேன். மூணு மணிக்கு என்ன படம் போட்டா எனக்கென்ன?

கேக்கீங்களா, சொல்லட்டா? நாப்பது நிமிஷம் இருக்கு. நீன்னே கூப்பிடுதேன், என் மக வயசுதான் இருக்கும் உனக்கு.

இந்த விழாவை ஆரம்பிச்சது ஆவுடையப்பன்னு ஒருத்தரு. மருந்துக்கடை வச்சிருக்காரு. நல்ல மனுஷன்தான், ஆனா உலக சினிமான்னா கோட்டி, ஒரே பைத்தியம். இருமல் மருந்து வாங்கப் போனா, மருந்துச் சீட்டுக்குப் பின்னால பாக்க வேண்டிய படம் மூணு எழுதிக் கொடுப்பாரு. அவரும் அவர மாதிரி ஏழெட்டுப் பேரும் சேந்து கமிட்டி. சம்பளம் கெடையாது, சாப்பாடு மட்டும். ஊர்ல தியேட்டரை இடிச்சு டைல்ஸ் கடை ஆக்கிட்டாங்க, அதனால கல்யாண மண்டபம். மண்டபத்துக்குத் தலைவரு முப்பிடாதி அண்ணாச்சி. ஜன்னலுக்கெல்லாம் பந்தல்காரங்கிட்ட படுதா வாங்கி அடைச்சு, மணவறை மேடையில திரை கட்டி, மத்தியானச் சாப்பாடு சாம்பார் சாதம்னு போர்டு வச்சாங்க. ஊரே வந்துச்சு. சாப்பிட்டுட்டு ஃபேனுக்குக் கீழ எடம் புடிச்சுத் தூங்குச்சு.

முதல் வருஷம் போட்டது ஒரு பிரான்சு நாட்டுப் படம். ஒரு ஆளு ஒரு கதவைச் சரி பண்ணுதான். என்ன சிரிக்க, நெசமாத்தான். ஒண்ணரை மணி நேரம் கதவு. ஒரு வழியா கதவு சரியாச்சு. சரியான கையோட அந்த வீட்டுக்காரிய இழுத்து வச்சு முத்தம் குடுத்துட்டான். முப்பிடாதி அண்ணாச்சி முதல் வரிசை. பக்கத்துல அவரு மாமியாரு. அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. எந்திரிச்சாரு, மெயின் போர்டுல பீஸ் கட்டையைப் புடுங்கினாரு, சட்டைப் பையில போட்டாரு, வீட்டுக்குப் போயிட்டாரு. அந்தக் கதவு அப்புறம் திறந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் நல்லாம்பாறையில ஒருத்தருக்கும் தெரியாது.

மறுவருஷம் மண்டபம் கேட்டுப் போனா, ஒரு கண்டிஷன் போட்டாரு. பொறுப்பான ஆளு ஒருத்தரு மெஷின் பக்கத்துலயே உக்காரணும், ஒரு மாதிரியான எடம் வந்தா மறைக்கணும். வெட்டிட்டுப் போடலாமேன்னு நான் கேட்டேன். ஆவுடையப்பன் கண்ணு கலங்கிட்டாரு. படத்தை வெட்டுறது கலைக்குச் செய்யிற துரோகமாம். மறைக்கலாமாம். அது துரோகத்துல வராதாம்.

ஆம்பளையைப் போட்டா அவன் மறைக்க மறந்துருவான். அதனால பொம்பளை வேணும், அதுலயும் ஊர் மதிக்கிற டீச்சரா வேணும். எங்கிட்ட வந்தாங்க. நான் யோசிக்கவே இல்ல. ஒழுங்கு படுத்துறதுன்னா எனக்கு ஒரு இது உண்டு.

எதை வச்சு மறைக்க? புரொஜெக்டர் ரிமோட்டுலயே ஒரு பட்டன் இருக்காம், அமுக்குனா இருட்டாயிருமாம். பட்டனை நம்பி அண்ணாச்சி மண்டபம் குடுப்பாரா? கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு வேணும்னுட்டாரு. எங்க வீட்டு பீரோ மேல ஒரு சேலைப் பெட்டி சும்மா கெடந்துச்சு. மூடி நல்ல கனமான அட்டை. வெளிய மாம்பழக் கலரு, உள்ள வெள்ளை. மகளுக்கு நிச்சயத்துக்குன்னு எடுத்த பட்டுச்சேலைப் பெட்டி. நிச்சயம் நடக்கல. அது வேற கதை.

சும்மா மெஷினுக்கு முன்னால கையை நீட்டி மறைக்கிற சோலின்னு நினைச்சிராத. விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆவுடையப்பன் வீட்டுல போயி எல்லாப் படத்தையும் பாத்துருவேன். அவரு வெக்கப்பட்டுட்டு வெளிய போயிருவாரு. அவரு சம்சாரம் காப்பி குடுக்க வந்து, தட்டோட நின்னுக்கிட்டே முழுப்படத்தையும் பாத்துரும். நோட்டுல எழுதிக்கிடுவேன். நாப்பத்தோராவது நிமிஷம், பன்னெண்டு செகண்டு. அறுபத்தெட்டாவது நிமிஷம், கழுத்து வரைக்கும், ஆறு செகண்டு. நல்லாம்பாறையில உலக சினிமாவை முழுசாப் பாத்தது ரெண்டே பேரு. நானும் அந்தப் பொம்பளையும்.

நான் கண்ணை மூடிக்கிட்டு மறைக்கிற ஆளு கெடையாது. நியாயம் பாப்பேன். புருஷன் பொண்டாட்டியா இருந்தா மூணு செகண்டு விடுவேன். வயசானவங்கன்னா அஞ்சு செகண்டு, பாவம். கள்ளத்தனம்னா ஆரம்பிக்கும்போதே மூடி. புருஷன் பொண்டாட்டிதான்னு எப்படித் தெரியும்னு ஆவுடையப்பன் கேட்டாரு. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளை மேய்ச்சவளுக்கு மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதாக்கும்?

ஜனம் எவ்வளவு கட்டுப்பாடாயிருச்சு தெரியுமா? தூங்கிக்கிட்டு இருந்தவனெல்லாம் நான் மூடியைக் கையில எடுத்ததும் நிமிந்து உக்காருவான். மறைச்சா கைதட்டல். பெருசா மறைச்சா விசில். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இத்தாலிப் படம் ஒண்ணு, தொடர்ந்து நாலு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், தோள்பட்டை கழண்டு போச்சு. அன்னைக்கு எழுந்து நின்னு தட்டினாங்க. பக்கத்து ஊர்லயிருந்தெல்லாம் வர ஆரம்பிச்சாங்க. நல்ல சினிமா ரசனை வளந்துருச்சுன்னு ஆவுடையப்பன் பேப்பர்ல பேட்டி குடுத்தாரு.

ஆமா, ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடு, புழுதி அடிக்கு.

மக கதைக்கு வாரேன். ஒரே மக. செண்பகவல்லி. அவ செண்பான்னு சுருக்கிக்கிட்டா. படிச்சு முடிச்சதும் நல்ல எடம் ஒண்ணு வந்துச்சு, பையன் மின்சார வாரியம். சேலையும் எடுத்தாச்சு. எனக்கு இது வேண்டாம், நான் மெட்ராஸுக்குப் போயி சினிமா எடிட்டிங் படிக்கப் போறேன்னா. போயிட்டா. ஏழு வருஷமாச்சு. அவங்கப்பாகிட்ட வாரத்துக்கு ஒருக்க போன்ல பேசுவா. எங்கிட்ட தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவா. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிரட்டுமா. அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கெடையாது.

போன வருஷம் ஆவுடையப்பன் ஓடியாந்தாரு. டீச்சர், உங்க மக ஒரு படம் எடுத்திருக்கா, இருபத்திரண்டு நிமிஷம், நம்ம விழாவுல போடுதோம், அவளே வாரா! நான் சொதி வச்சேன். அவளுக்குச் சொதின்னா உசுரு. முருங்கைக்காய் போட்டு, தேங்காய்ப்பால் மூணு தடவை புழிஞ்சு, காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வச்சேன். படம் முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு.

ஆனா படம் முன்கூட்டி வரல. இன்னும் வேலை முடியல, கையோட கொண்டு வாரேன்னுட்டா. அதனால என் நோட்டுல ஒண்ணுமே எழுதல. கையில மூடி, மடியில வெத்து நோட்டு. மண்டபம் நெறஞ்சு வழியுது. எல்லாரும் படத்தைப் பாக்க வரல, தன் மக படத்துக்கு டீச்சர் மூடி போடுவாளா மாட்டாளான்னு பாக்க வந்திருக்கானுக. செண்பா வந்து மேடைக்கிட்ட நின்னா. எளச்சுப் போயிருந்தா. என்னைப் பாத்து லேசாச் சிரிச்சா. நான் டியூட்டியில இருந்தேன், சிரிக்கல.

படம் ஆரம்பிச்சுது. ஒரு அம்மா. டீச்சர். கழுத்துல விசில். வீட்டுக்குள்ள அந்தப் பிள்ள மெதுவா நடந்தா விசில். பல்லு தேய்க்க நேரமாச்சுன்னா விசில். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கு. நான் வீட்டுல விசில் ஊதினதே கெடையாது. ஞாயித்துக்கெழமை மட்டும்தான், எண்ணெய் தேச்சுக் குளிக்காம ஓடி ஒளிஞ்சா.

அப்புறம் அந்த அம்மா சேலைப் பெட்டியோட வந்து நிக்கா. இதே மாம்பழக் கலரு. பிள்ள வேண்டாங்கா. அந்த அம்மா, வெளிய போன்னு சொல்லுதா. நான் அப்படிச் சொல்லவே இல்ல! வாசல் திறந்துதான் இருக்குன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? நீயே சொல்லு.

சரி, போகட்டும். பிள்ள ரூமுக்குள்ள துணி எடுத்து அடுக்குதா. அம்மா குளியல் ரூமுக்குள்ள போறா. கதவைச் சாத்துதா. குழாயைத் திறந்து விடுதா. வாளி நெறையுது. அப்படியே தரையில உக்காந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில...

எம்மா, அது யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. எனக்கும் அந்தக் குழாய்க்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான குழாயைத் திறந்தேன். அவ எப்படிப் பாத்தா? எங்கயிருந்து பாத்தா?

எங்கை தன்னால எந்திரிச்சுருச்சு. மூடி போய் மறைச்சுருச்சு.

மண்டபம் அதிருது. கைதட்டு, விசில், ஊளை. நான் இறக்கல. அட்டையில வெளிச்சம் மட்டும் ஆடுது, படம் தெரியல. வாளியில தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்கு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. அப்புறம் குழாய் நின்னுச்சு. சத்தமே இல்ல. நான் மூடியை எடுக்கேன், எழுத்து ஓடுது. படம் முடிஞ்சு போச்சு.

இப்ப யோசிச்சுப் பாரு. குளியல் ரூமு. தண்ணி விழுது. மூடி போட்டாச்சு. ஊர் என்ன நினைக்கும்? டீச்சர் மக அம்மணப் படம் எடுத்துட்டா! நாலரை மணிக்குள்ள நல்லாம்பாறை பூரா பரவியாச்சு. முப்பிடாதி அண்ணாச்சி எங்கிட்ட வந்து, பெத்த மகன்னும் பாக்காம நியாயத்தைக் காப்பாத்திட்டீங்கன்னு கும்பிட்டாரு. நான் பதிலுக்குக் கும்பிட்டேன். பின்ன என்ன செய்ய? அது அம்மணம் இல்லங்க, நான் அழுததுன்னு மைக்குல சொல்லவா?

செண்பா மெஷின்கிட்ட வந்தா. கத்துவான்னு நினைச்சேன், கத்தல.

"என்னம்மா மறைச்ச?"ன்னா.

"மறைக்க வேண்டியதை மறைச்சேன்"னேன்.

"அந்த ஒரு எடம்தாம்மா உனக்காக எடுத்தது. மத்ததெல்லாம் எனக்காக"ன்னா.

அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா. வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. சொதி அப்படியே இருந்துச்சு. மறுநாள் நாங்க ரெண்டு பேரும் அதைச் சாப்பிட உக்காந்தோம். அவரு ரெண்டு வாய் வச்சுட்டு கையைக் கழுவிட்டாரு.

அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை கேக்கல பாத்துக்கோ. ஒரு வருஷமா கேக்கல. ஊர்ல எவனாவது அவரு காது படப் பேசுனா எந்திரிச்சு வந்துருவாரு. நானாச் சொல்லலாம்தான். ஆனா என்னன்னு சொல்ல? ஒருத்தரும் கேக்காம நானாப் போயி எதுக்குச் சொல்லணும்?

இந்த வருஷம் ஆவுடையப்பன் நம்ம ஊர் பிள்ள படத்தை மறுபடி போடணும்னு அவளுக்கு எழுதியிருக்காரு. அவ பதில் எழுதியிருக்கா. மூடி இல்லாம எங்கம்மா முதல் வரிசையில உக்காந்தா போடுங்க, நானும் வாரேன். அம்மா வரலன்னா படத்தைப் போடாதீங்க, நானும் மண்டபத்துக்குள்ள வரமாட்டேன். கமிட்டி பூராவும் சேந்து வீட்டுக்கு வந்து நிக்காங்க. டீச்சர், மூணு மணிக்குப் படம், மூடியைக் குடுங்க, முதல் வரிசையில நாற்காலி போட்டுருதோம்னு.

எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் தோள்பட்டை கழல மறைச்சவகிட்ட மூடியைக் குடுங்குறதா? மூடியைப் பையில போட்டேன், தென்காசி பஸ் ஏறிட்டேன். இல்லாத மூடியை வச்சு என்னத்தை மறைக்கப் போறானுகன்னு பாக்கேன்.

செண்பா காலையிலயே வந்துட்டாளாம். அவங்கப்பா போன் பண்ணாரு. மண்டபத்து வாசல்ல நிக்காளாம். காப்பி குடிச்சாளான்னு கேட்டேன். நீ வந்து கேளுன்னு போனை வச்சுட்டாரு.

அதுக்காக வாரேன்னு நினைக்காத. பால் விஷயமாத்தான் வாரேன்.

இந்தா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ எல்லாப் படத்தையும் பாத்துட்டதாச் சொன்னியே. அதையும் பாத்துட்டியா? இருபத்திரண்டு நிமிஷம், விசில் அம்மா. பாத்துட்டியா! சிரிக்காத. எனக்கு முழுக்கதை வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. குழாயை நிறுத்துன பிறகு சத்தமே இல்லன்னு சொன்னேன்ல, அப்ப அந்தப் பிள்ள எங்க இருக்கு? துணிப் பையைத் தூக்கிட்டுப் போயிருச்சா, இல்ல...

லேப்டாப்பை எதுக்குத் திறக்க? வேண்டாம்மா, பஸ்ஸுல எதுக்கு. வாயால சொல்லு போதும். கடைசி ரெண்டு நிமிஷம் மட்டுமா? வேண்டாங்கேன்ல.

சரி, கண்ணாடியை எடுத்துக்கிடுதேன்.

ஒண்ணுமே தெரியலையே, வெயில் நேரா அடிக்கு. கொஞ்சம் இரு. இந்தப் பையில இருக்கு. இப்படி ஜன்னல் பக்கமாப் பிடிச்சுக்கிடுதேன். இப்பத் தெரியுதா? ஆங், எனக்கும் தெரியுது. என்ன செய்யுது பாரு இந்த மூடி, நல்ல நெழல் குடுக்கு.

அந்தா குழாய். அந்தா வாளி. நான் இவ்வளவு கறுப்பு கெடையாது, சரி, இருக்கட்டும்.

இது எங்க, கதவுக்கு வெளியவா? இது அவ ரூம் இல்லையே. குளியல் ரூமுக்கு முன்னால உள்ள நடைதான் இது. எம்மா, உக்காந்திருக்காளே. துணிப் பையை மடியில வச்சுக்கிட்டு கதவு இடுக்கோரமாச் சாஞ்சு உக்காந்திருக்கா. அவளும் வாயில துப்பட்டாவை... எம்மாடி. நான் உள்ள இருந்து எந்திரிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தாளா? நான் கதவைத் திறந்தப்ப யாரும் இல்லையே.

ஒண்ணுமில்ல. கண்ணுல புழுதி விழுந்துருச்சு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இன்னொருக்கப் பாக்கேன், முதல்ல இருந்து போடு.

பின்னாடி சீட்டுக்காரம்மா எட்டி எட்டிப் பாக்காங்க, பாரு. இல்ல, மூடாத, மூடாத. ஏங்க, கழுத்து சுளுக்கிரும், முன்னால வந்து நின்னு பாருங்க. ஒரு மாதிரியான படம் ஒண்ணும் இல்ல. என் மக எடுத்தது. உள்ள உக்காந்து அழுறது நான்தான். வெளிய உக்காந்திருக்கது அவ.

கண்டக்டரே! எனக்குத் தபாலாபீஸ் வேண்டாம். இந்தப் பிள்ளைகூட மண்டபத்துலயே எறங்கிக்கிடுதேன், மூணு மணிக்குள்ள கொண்டு போயி விட்டுருங்க.